சோயாவில் பெரிய விதையைப் பொறுக்கி விதைத்தால் விளைச்சல் கூடுமா?

நீர்வேலியான் | 2023 செப்டெம்பர் 10

வணக்கம். யூரியா கண்ணிலேயே படாத 2021ஆம் வருடம்தான் நான் சோயாவில் இறங்கினேன். தனக்கு வேண்டிய நைதரசனைத் தானே தேடிக்கொள்ளும் பயிர் என்று ஒருவர் சொல்ல, வெங்காயத் தறையில் மூன்று பரப்பை ஒதுக்கினேன். விதை பிபி 1 என்ற வர்க்கம். முதல் போகம் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஒரு முடிச்சுக்கூட இல்லை. எங்கள் மண்ணுக்குப் புதுப் பயிர், அதற்குரிய பற்றீரியா இங்கே இல்லை என்று பிறகுதான் விளங்கியது. 2022இல் பற்றீரியாக் கலவை பூசி விதைத்தேன். மண்ணெண்ணெய் வரிசையில் நின்று நின்று இறைத்தேன். ஒரு மாதிரி வந்தது. இந்த ஆவணியில் மூன்றாவது அறுவடை.

கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு அறுவடையிலும் பெரிய, உருண்ட விதையை மட்டும் பொறுக்கி அடுத்த போகத்துக்கு வைக்கிறேன். பின்னேரத்தில் நானும் மனைவியும் சுளகில் கொட்டி இருந்து பொறுக்குவோம். கண் கெட்டதுதான் மிச்சம். இந்த முறையும் விதையின் பருமன் முதல் வருடம் எப்படியோ அப்படியே. விளைச்சலிலும் மாற்றம் இல்லை. பிழை எங்கே?

இன்னொன்று. இந்த முறை மஞ்சள் விதைக்குள் ஒரு கைப்பிடி அளவு, கறுப்பு மை வடிந்தது போலத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. பக்கத்துப் பாத்தியில் உளுந்து நின்றது. உளுந்தோடு கலந்துவிட்டதா?


முறிகண்டிக்காற்று | 2023 செப்டெம்பர் 10

அண்ணை, விதையைக் குற்றம் சொல்லாமல் முதலில் தண்ணீரைப் பாருங்கள். காய் முற்றும் நேரத்தில் இரண்டு இறைப்பு தவறினால் எந்தப் பெரிய விதையைப் போட்டாலும் சப்பையாகத்தான் வரும். உளுந்தோடு சோயா கலப்பதா? அப்படியென்றால் எங்கள் பக்கத்தில் கச்சானோடும் கலந்திருக்க வேண்டுமே.


பழையபாடம் | 2023 செப்டெம்பர் 11

நீர்வேலியான், உங்கள் கேள்வியை 120 வருடத்துக்கு முன்னமே ஒருவர் கேட்டு, விடையும் கண்டுவிட்டார். டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகான்சன். முடிவை வெளியிட்டது 1903இல். அவர் எடுத்தது போஞ்சி.

ஒரு கலப்புக் குவியலில் பெரிய விதையும் சிறிய விதையும் கிடந்தன. பெரியதை விதைத்தபோது பெரிய விதை தரும் செடிகள் வந்தன, சிறியதை விதைத்தபோது சிறியது. ஆக, பொறுக்கியது பலித்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அவரும் உங்களைப் போலச் சுளகோடு இருந்திருப்பார். அவர் 19 விதைகளைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றின் வழிவந்ததையும் மற்றதோடு சேர்க்காமல் வளர்த்தார். பிறகு ஒவ்வொரு வழிக்குள்ளேயும் பெரியதையும் சிறியதையும் பிரித்து விதைத்தார். இந்த முறை பலிக்கவில்லை. ஒரே வழியில் வந்த பெரிய விதையின் பிள்ளைகளும் சிறிய விதையின் பிள்ளைகளும் சராசரியில் ஒரே பருமன்.

காரணம், போஞ்சி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். சோயாவும் அப்படித்தான். பூ விரியும் முன்பே உள்ளே வேலை முடிந்துவிடும். அயல் மகரந்தம் சேர்வது நூற்றுக்கு ஒன்றைத் தொடுவதே அரிது. இப்படித் தனக்குள்ளேயே சேரும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் இதரநுகம், அதாவது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வேறு வேறு வடிவம் வந்து சேர்ந்த நிலை, பாதியாகும். இரண்டாம் தலைமுறையில் 50 வீதம், பிறகு 25, 12.5, 6.25. எட்டாம் தலைமுறைக்கு வரும்போது ஒரு வீதமும் இல்லை. வெளியிட்ட வர்க்கம் என்று உங்கள் கைக்கு வந்தது அதையெல்லாம் தாண்டி வந்த விதை. உங்கள் சாக்கில் இருப்பது, சில்லறை வித்தியாசங்களை விட்டால், ஒரே ஆளின் பல ஆயிரம் பிரதிகள்.

பிறகு ஏன் ஒன்று பெரிது, ஒன்று சிறிது? ஒன்று வாய்க்கால் ஓரத்துச் செடியில் விளைந்தது, மற்றது நடுப் பாத்தியில். ஒன்று ஒற்றை விதைக் காயில் தனியே இருந்து தின்றது, மற்றது மூன்றில் ஒன்றாக இருந்து பங்கு போட்டது. இந்த வித்தியாசத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்த அந்த விதையிடம் எதுவும் இல்லை. பிறப்புரிமையமைப்பு (பிறப்பில் வந்தது), தோற்றவமைப்பு (கண்ணுக்குத் தெரிவது) என்று உங்களில் சிலருக்கு நான் அடித்து மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன். அந்தச் சொற்களின் மூலத்தை 1909இல் வைத்தவரும் இதே யோகான்சன்தான். இந்தப் போஞ்சிதான் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது.


நீர்வேலியான் | 2023 செப்டெம்பர் 11

சேர், அடி வாங்கியவர்களில் நானும் ஒருவனாக இருக்கலாம், ஊரைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. அப்பா மிளகாயில் இதே வேலைதான் செய்தவர். நல்ல செடியில் நல்ல பழமாகப் பார்த்துப் பறித்து, சாம்பலில் பிரட்டி வைப்பார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் எங்கள் மிளகாய் என்றால் அயலூரில் இருந்தும் விதை கேட்டு வருவார்கள். அது பொய்யா?


பழையபாடம் | 2023 செப்டெம்பர் 11

பொய் இல்லை. உங்கள் அப்பா செய்தது முழுக்கச் சரி. மிளகாயில் தேனீ வேலை செய்கிறது. அயற்சேர்க்கை கணிசமாக நடக்கும். அத்தோடு அந்தக் காலத்து ஊர் விதை ஒரு கலப்பு. தெரிவு செய்வதற்கு அங்கே ஏதோ இருந்தது. யோகான்சனின் முதல் குவியலும் அப்படித்தான். அப்பா பொறுக்கியது செடியை. நீங்கள் பொறுக்குவது விதையை, அதுவும் எல்லாச் செடியையும் ஒன்றாக அடித்துக் கொட்டிய குவியலில். எந்த விதை எந்தச் செடியில் இருந்தது என்றுகூட உங்களுக்குத் தெரியாது.


விதைப்பெட்டி | 2023 செப்டெம்பர் 12

கிளிநொச்சியில் விவசாய பீடத்தில் படித்துவிட்டு இப்போது விதையோடு மாரடிக்கும் ஆள் நான். சேர் சொன்னதற்கு மேல் கொஞ்சம்.

தூய வழியில், அதாவது தன்சேர்க்கையால் ஒரே மாதிரியாகிப்போன விதையில், பொறுக்குவது வீண் என்பது ஒரு பக்கம். அதை விட்டுவிடுங்கள். உண்மையிலேயே பெரிய விதை தரும் வேறு வர்க்கம் ஒன்று உங்களுக்குக் கிடைத்தாலும் விளைச்சல் கூடும் என்று இல்லை. சோயாவின் விளைச்சலை நாலாகப் பிரிக்கலாம்: நிலத்தில் எத்தனை செடி, செடிக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை விதை, விதை என்ன நிறை. இந்த நாலும் ஒன்றோடொன்று இழுபறிப்படும். காய் கூடினால் விதை சிறுக்கும். பூவும் பிஞ்சும் உதிர்ந்த செடியில் மிஞ்சிய ஐந்தாறு காய்க்குச் சாப்பாடு தாராளமாகப் போகும், அந்த விதை கொழுக்கும். இப்போது உங்கள் சுளகை யோசித்துப் பாருங்கள் அண்ணா. நீங்கள் ஆசையோடு பொறுக்கிய குண்டு விதைகளில் ஒரு பங்கு, காய் பிடிக்காமல் போன செடிகளில் இருந்து வந்திருக்கும். நல்ல காலம், எல்லாம் ஒரே வழி என்பதால் கெடுதலும் இல்லை.

அமெரிக்காவில் 1923 முதல் 2008 வரை வெளிவந்த வர்க்கங்களை ஒரே வயலில் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்த்திருக்கிறார்கள். புதியவை அதிகம் விளைந்தன. சாயாமல் நின்றன, பின்தங்கி முற்றின, எண்ணெய் கூடி புரதம் குறைந்திருந்தது.

விதையின் பருமன் பரம்பரையில் நன்றாகக் கடத்தப்படும் இயல்பு. காட்டுச் சோயாவில் 100 விதை இரண்டு மூன்று கிராம்கூடத் தேறாது. கிழக்காசியாவில் பச்சைக் காயாக அவித்து உண்ணும் வகையில் 30 கிராமையும் தாண்டும். அந்த வித்தியாசம் பிறப்பில் இருப்பது, எந்த மண்ணில் போட்டாலும் தெரியும். விளைச்சல் அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான பரம்பரை அலகுகள் (ஜீன்கள்), ஒவ்வொன்றும் துளித்துளியாக. ஒற்றைச் செடியைப் பார்த்து ‘இது நல்ல விளைச்சல் வழி’ என்று சொல்லவே முடியாது. வரம்போரச் செடி எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் ஊருக்கு முக்கியம். சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் சோயா விதை சீக்கிரம் சாகும். பெரிய விதை இன்னும் சீக்கிரம். மெல்லிய வித்துறை (விதையின் தோல்), அடிக்கும்போது வெடிப்பு, உள்ளே எண்ணெய் கெடுதல். சிறிய விதை வர்க்கங்களும் கறுப்பு விதை வர்க்கங்களும்தான் பொதுவாகக் களஞ்சியத்தில் தாக்குப் பிடிக்கும். செம்மண் மழைக்கு இறுகி ஓடு கட்டும்போது அதைத் தள்ளிக்கொண்டு இரண்டு பெரிய வித்திலைகள் மேலே வருவதும் பாடு. வெப்பவலயத்துக்கு வர்க்கம் உருவாக்குகிறவர்கள் பருமனுக்கு ஓடாததற்கு இவை காரணம்.


முறிகண்டிக்காற்று | 2023 செப்டெம்பர் 12

தங்கச்சி, அப்படியென்றால் பொறுக்கவே வேண்டாமா? சப்பை, சுருங்கியது, வெடித்தது எல்லாவற்றையும் சேர்த்து விதைக்கவா?


விதைப்பெட்டி | 2023 செப்டெம்பர் 12

அதைச் சொல்லவில்லை அண்ணா. சுருங்கியது, வெடித்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாம் கழிய வேண்டும். ஆனால் அது முளைப்புக்காக, பரம்பரைக்காக அல்ல. அரிதட்டில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். இரவிரவாகச் சுளகோடு இருக்கத் தேவையில்லை. அந்த நேரத்தை விதையைக் காய வைப்பதில் செலவழியுங்கள். பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரப்பதன் ஒரு வீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பநிலை 5 பாகை குறைந்தால் இன்னொரு முறை இரட்டிக்கும். ஆவணியில் அடித்த விதையை அடுத்த சித்திரை வரை வைத்திருப்பவருக்கு இதுதான் உயிர்நாடி.


ஸ்காபரோக்கிழவன் | 2023 செப்டெம்பர் 13

தம்பிமார், இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு? இங்கே ஒன்ராறியோவில் 401 நெடுஞ்சாலையால் வின்சர் பக்கம் ஓடினால் இரண்டு கரையும் சோயாதான். கனடாவிலேயே கூடச் சோயா இந்த மாகாணத்தில். தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், ஒரு இரண்டு கிலோ நல்ல விதை பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரவா? மச்சானின் தோட்டம் உரும்பிராயில் சும்மா கிடக்கிறது.


விதைப்பெட்டி | 2023 செப்டெம்பர் 13

ஐயா, தயவுசெய்து வேண்டாம். முதலாவது, அனுமதி இல்லாமல் விதை கொண்டுவருவது தாவரத் தடுப்புக்காப்புச் சட்டத்துக்கு எதிர். கட்டுநாயக்காவில் பிடித்தால் சொக்கிலேட்டும் சேர்ந்து போகும்.

இரண்டாவது, கொண்டுவந்தாலும் பலனில்லை. சோயா பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர். கனடாவில் ஆனி மாதத்தில் பகல் 15 மணித்தியாலத்தைத் தாண்டும். அந்த நீண்ட பகலிலும் நேரத்துக்குப் பூத்து, பனி விழ முன் முற்ற வேண்டும் என்பதற்காக, பூப்பதைத் தடுக்கும் ஈ1 போன்ற பரம்பரை அலகுகள் பழுதான வகைகளை அங்கே தெரிந்து வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கில். எங்கள் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணித்தியாலத்தை ஒட்டித்தான். தடை ஒன்றும் இல்லாத செடி இங்கே என்ன செய்யும்? முழங்கால் உயரம் வரமுன் பூத்துவிடும். நாலு காய், முடிந்தது கதை.


ஸ்காபரோக்கிழவன் | 2023 செப்டெம்பர் 13

பிள்ளை, பிரேசிலும் மத்தியகோட்டுக்குக் கிட்டத்தானே. அவன் எப்படி உலகத்திலேயே கூடச் சோயா விளைவிக்கிறான்? கேட்கிறேன், சண்டைக்கு அல்ல.


பழையபாடம் | 2023 செப்டெம்பர் 14

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை, தங்கச்சி மன்னிக்க வேண்டும்.

குறுகிய பகலிலும் அவசரப்படாமல், முதலில் உடம்பை வளர்த்துவிட்டுப் பிறகு பூக்கும் சோயாக்கள் சில இயற்கையில் இருந்தன. நீண்ட இளமைப் பருவம் உள்ளவை என்று சொல்வார்கள். பிரேசிலின் வெப்பப் பகுதிக்குச் சோயா இறங்கியது அந்த இயல்பைக் கலப்பில் சேர்த்த பிறகுதான். ஜே என்று பெயர் வைத்திருந்த அந்த பரம்பரை அலகு எது என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். வேலை செய்யும் ஜே, குறுகிய பகலில் ஈ1 என்ற தடையைக் கீழே அமுக்கி வைக்கும். செடி உடனே பூக்கும். ஜே பழுதானால் ஈ1 தலையெடுக்கும்; பூப்பது பின்தங்கும்; கணுக்கள் கூடும், காய்கள் கூடும். ஒரு பழுது, ஒரு கண்டத்தின் வேளாண்மையையே மாற்றியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விதையைத் தொடாமலே விளைச்சலைக் கூட்டிய பரம்பரை அலகு இது. சுளகில் உள்ள எந்த விதையைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.


ஆச்சியின்அடுப்படி | 2023 செப்டெம்பர் 14

நான் விதை பற்றிப் பேச வரவில்லை, தின்ன வந்தேன். சோயாமீட் கறி வைக்கத் தெரியும், சோயா அவரையை முழுசாக அவித்தால் பச்சை மணம் ஒன்று வருகிறதே, அதற்கு வழி உண்டா? இன்னொன்று, ஊற வைத்தால் நூறில் ஐந்தாறு கல்லு மாதிரி அப்படியே கிடக்கிறது. பல்லுக்குக் கேடு.


விதைப்பெட்டி | 2023 செப்டெம்பர் 14

அக்கா, இரண்டும் இந்த இழைக்குள் வரும் விடயம்தான்!

மணத்துக்குக் காரணம் லிபொக்சிஜனேஸ் என்ற நொதியம். விதையை நசுக்கித் தண்ணீர் பட்டவுடன் எண்ணெயைத் தாக்கி அந்த மணத்தை உண்டாக்கும். ஆகவே பச்சையாக அரைக்காமல், கொதிக்கும் தண்ணீரில் நேரே போட்டுப் பிறகு அரையுங்கள், பெருமளவு அடங்கும். அந்த நொதியம் மூன்று வடிவத்தில் விதையில் இருக்கிறது. மூன்றும் இல்லாத விகாரச் சோயாக்களையும் உருவாக்கியிருக்கிறார்கள். நன்றாக வேக வைப்பதற்கு இன்னொரு காரணம் திரிப்சின் தடுப்பி. அது வேகாவிட்டால் புரதம் சமிக்காது.

கல்லு விதை காட்டின் எச்சம். காட்டுச் சோயாவின் வித்துறை தண்ணீரை உள்ளே விடாது. மண்ணில் வருடக்கணக்கில் கிடந்து, தனக்குப் பிடித்த மழைக்கு முளைக்கும். கமக்காரருக்கு அது ஒத்துவராது, விதைத்தால் எல்லாம் ஒரே நாளில் முளைக்க வேண்டும். வித்துறையைத் தண்ணீர் புகக்கூடியதாக மாற்றிய முக்கியமான பரம்பரை அலகு ஒன்றை 2015இல் அடையாளம் கண்டார்கள். ஆனால் அதே மாற்றம்தான் ஈரக் காற்றையும் உள்ளே விட்டு விதையைச் சாகடிக்கிறது.


நீர்வேலியான் | 2023 செப்டெம்பர் 15

எல்லாம் சரி. என் கறுப்புத் திட்டு விதையை ஒருவரும் தொடவில்லை. மனைவி இன்னமும் உளுந்து என்றுதான் நிற்கிறா.


பழையபாடம் | 2023 செப்டெம்பர் 15

அக்காவிடம் சொல்லுங்கள், உளுந்து வேறு சாதி, சோயா வேறு சாதி. பக்கத்தில் எத்தனை வருடம் நின்றாலும் பிள்ளை பிறக்காது.

மஞ்சள் சோயா ஏன் மஞ்சள் என்பதில்தான் விடை இருக்கிறது. சோயாவுக்குக் கறுப்பு நிறம் செய்யத் தெரியும், அதற்கான நொதியங்களைக் குறிக்கும் பரம்பரை அலகுகள் உள்ளே முழுதாக இருக்கின்றன. ஆனால் மஞ்சள் வர்க்கங்களில் அந்த அலகுகளின் இன்னொரு பிரதி தாறுமாறாகத் திரும்பிக் கிடக்கிறது. அதிலிருந்து வரும் சிறு ஆர்.என்.ஏ துண்டுகள், நிறம் செய்யும் முதல் நொதியத்துக்கான செய்தியை வித்துறையில் மட்டும் வெட்டிப் போட்டுவிடும். வாயைப் பொத்தி வைத்திருப்பது மாதிரி. வாய் பொத்தியிருப்பதால்தான் மஞ்சள். இந்தப் பொத்தும் இயல்புதான் ஆட்சியானது, கறுப்பு பின்னிடைவானது; இரண்டும் ஒரு செடியில் சேர்ந்தால் வெளியே தெரிவது ஆட்சியானதுதான்.

இப்போது சோயாச் சித்திரவடிவ வைரசு வருகிறது. செடி வைரசை அடக்குவதும் இதே ஆர்.என்.ஏ வெட்டும் வழியால்தான். ஆகவே வைரசு அந்த வழியை முடக்க ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. அது முடக்கும்போது, வித்துறையில் பொத்தியிருந்த வாயும் திறந்துவிடுகிறது. திட்டுத் திட்டாகக் கறுப்பு. உங்கள் கைப்பிடி விதையில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். இலை சுருங்கி, கரும்பச்சையும் இளம்பச்சையுமாக இருந்த செடிகள் நின்றனவா?


நீர்வேலியான் | 2023 செப்டெம்பர் 15

நின்றன சேர். கிழக்குக் கரையில் பத்துப் பதினைந்து. இரும்புக் குறைபாடு என்று நினைத்தேன், எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு கூட.


விதைப்பெட்டி | 2023 செப்டெம்பர் 15

இரும்புக் குறைபாடு என்றால் நரம்பு பச்சையாக நிற்க, இடையில் மஞ்சளிக்கும், இலை சுருங்காது. சுண்ணக்கல் மேலே உள்ள மண்ணில் அதுவும் வரும், அதைத் தாங்குவதிலும் வர்க்கத்துக்கு வர்க்கம் வித்தியாசம் உண்டு. உங்களுடையது வைரசு. அழுக்கணவன் பரப்பும், விதையாலும் அடுத்த போகத்துக்குப் போகும். திட்டு விதையை விதைக்கு வைக்காதீர்கள்.


முறிகண்டிக்காற்று | 2023 செப்டெம்பர் 17

எனக்கும் ஒரு கேள்வி. திரிபோஷா சத்துமாவுக்குச் சோயா வாங்குவதே புரதத்துக்காகத்தானே. புரதமும் கூடி விளைச்சலும் கூடின சோயா ஒன்றைச் செய்துவிட்டால் எல்லாருக்கும் சந்தோசம். இவ்வளவு படித்தவர்கள் ஏன் செய்யவில்லை?


விதைப்பெட்டி | 2023 செப்டெம்பர் 17

அண்ணா, இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் எத்தனையோ பேரின் ஆயுள் போயிருக்கிறது.

சோயாவின் உலர் நிறையில் ஏறத்தாழ 40 வீதம் புரதம், 20 வீதம் எண்ணெய். புரதத்தைக் கூட்டினால் எண்ணெய் இறங்கும், பெரும்பாலும் விளைச்சலும் இறங்கும். இலையில் இருந்து வருவது ஒரே சீனி. அதை எண்ணெய் ஆக்குவதா, நைதரசனோடு சேர்த்துப் புரதம் ஆக்குவதா, மாப்பொருளாகச் சேர்ப்பதா என்று விதைக்குள் போட்டி. 1992இல் காட்டுச் சோயாவோடு கலந்து பார்த்தபோது, 20ஆம் நிறமூர்த்தத்திலும் (குரோமோசோம்) 15ஆம் நிறமூர்த்தத்திலும் புரதத்தைத் தூக்கும் இடங்கள் தெரிந்தன. தூக்கும் வடிவம் காட்டுச் சோயாவுடையது. அதைச் சேர்த்தால் எண்ணெய் விழுந்தது. பிறகு 15ஆம் நிறமூர்த்தத்தில் சீனியை வித்துறையில் இருந்து முளையத்துக்குக் கடத்தும் ஒரு பரம்பரை அலகைக் கண்டார்கள். மனிதர் பயிராக்கியபோது தெரிந்த வடிவம் சீனியைத் தாராளமாக விடும். விதை பெருக்கும், எண்ணெய் கூடும், புரதம் குறையும். மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. ஒரு நுனியை இழுத்தால் மற்றது அசையும்.

எண்ணெயின் தன்மையை மாற்றுவது இவ்வளவு கஷ்டம் இல்லை. சாதாரண சோயா எண்ணெயில் ஒலெயிக் அமிலம் கால் பங்குக்கும் குறைவு. இரண்டே இரண்டு பரம்பரை அலகுகள் பழுதானால் அது 80 வீதம் வரை ஏறுகிறது. ஒன்று மட்டும் பழுதானால் அந்த அளவு ஏறாது. காரணம், சோயாவின் மூதாதைக்குள் முழுப் பரம்பரைத் தொகுதியும் இரண்டு முறை இரட்டித்திருக்கிறது, பிந்தியது ஏறத்தாழ 1.3 கோடி வருடத்துக்கு முன். 2010இல் முழுத் தொகுதியையும் வாசித்தபோது நாலில் மூன்று பங்கு அலகுகளுக்கு இன்னொரு பிரதி இருந்தது. ஒன்றை உடைத்தால் மற்றது வேலையைப் பார்க்கும்.


நீர்வேலியான் | 2023 செப்டெம்பர் 18

சரி, பொறுக்குவதை விட்டுவிட்டேன். ஆனால் கை சும்மா இருக்காது. நானே இரண்டு வர்க்கத்தைக் கலந்து பார்த்தால்?


பழையபாடம் | 2023 செப்டெம்பர் 18

தாராளமாக. பிபி 1உம் பிஎம் 25உம் இரண்டு பாத்தி போடுங்கள். காலையில், விரியாத மொட்டில் மகரந்தக் கூடுகளைச் சிறு இடுக்கியால் எடுத்துவிட்டு, மற்றதன் மகரந்தத்தைத் தடவ வேண்டும். மொட்டு அரிசியளவு. பத்தில் ஏழெட்டு உதிர்ந்துவிடும், மனம் விடக்கூடாது. ஒரு காய் பிடித்தால் இரண்டு மூன்று விதை.

ஒரு பொறி இருக்கிறது, என் பழைய மாணவர்கள் எல்லோரும் விழுந்த இடம். வித்துறை தாயின் உடம்பு. உள்ளே உள்ள வித்திலைதான் பிள்ளை. ஆகவே மஞ்சள் தாயில் கறுப்புத் தந்தையைக் கலந்தால், கிடைக்கும் விதை மஞ்சள்தான், கலப்பு நடந்ததா என்றே தெரியாது. அதை விதைத்து வரும் செடியின் விதையும் எல்லாம் ஒரே நிறம். மூன்று மஞ்சளுக்கு ஒரு கறுப்பு என்ற பிரிவைப் பார்க்க இன்னொரு போகம் காத்திருக்க வேண்டும், அதுவும் செடி செடியாக. ஆனால் பச்சை வித்திலை, மஞ்சள் வித்திலை என்று எடுத்தால் ஒரே காய்க்குள்ளேயே பிரிவு தெரியும். அங்கேயும் மூன்றுக்கு ஒன்று வராது, பதினைந்துக்கு ஒன்று. இரண்டு அலகுகளும் பின்னிடைவானால்தான் பச்சை. தங்கச்சி சொன்ன இரட்டிப்பின் இன்னொரு முகம்.

பிறகு ஐந்தாறு தலைமுறைக்கு ஒவ்வொரு செடியில் இருந்தும் ஒரே ஒரு விதை எடுத்து விதைத்து வாருங்கள், தெரிவு ஒன்றும் செய்யாமல். 1966இல் இருந்து சோயாவில் பழகிய முறை இது. இடம் அதிகம் வேண்டாம். வழிகள் தூய்மையான பிறகு, ஒவ்வொரு வழியையும் தனி வரிசையாக, இரண்டு மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப விதைத்து நிறுத்துப் பாருங்கள்.

அதற்குள் எனக்காக ஒரு வேலை. உங்கள் குவியலில் மிகப் பெரியது 100, மிகச் சிறியது 100 எடுத்து வையுங்கள். வரும் சிறுபோகத்தில் ஒரே பாத்தியில் வரிசை மாறி வரிசை விதையுங்கள். கரைச் செடிகளை விட்டுவிட்டு, இரண்டிலும் வந்த விதையை நிறுத்துச் சொல்லுங்கள்.


நீர்வேலியான் | 2024 மே 26

விதைத்து இரண்டு கிழமை. பெரிய விதை வரிசையில் முளைத்தது 61. சிறியதில் 78. ரின்னில் காற்றுப் புகாமல் வைத்தும் இப்படி. ஆனால் முளைத்தவற்றில் பெரிய விதையின் கன்றுகள் கொழுகொழு என்று நிற்கின்றன. மனைவி பார்த்துவிட்டு ‘சொன்னேனே’ என்கிறா.

ஒரு தவறும் செய்தேன். திட்டு விதையில் 12ஐ எறிய மனமில்லாமல் வீட்டு முற்றத்தில், தோட்டத்துக்கு எட்ட, வாளிகளில் ஊன்றியிருக்கிறேன். தங்கச்சி ஏசக்கூடாது.


விதைப்பெட்டி | 2024 மே 26

ஏசுவேன். நுளம்பு வலையால் மூடி வையுங்கள், சுருங்கின கன்று வந்தால் அன்றைக்கே பிடுங்கி எரியுங்கள்.

கொழுகொழு என்பது வித்திலையில் இருந்த சாப்பாடு. ஒரு மாதம் பொறுங்கள்.


நீர்வேலியான் | 2024 ஓகஸ்ட் 25

சேர், நிறுத்தாயிற்று. நகைக்கடை வைத்திருக்கும் மருமகனின் தராசில். இரண்டு வகைக்கும் மும்மூன்று முறை 100 விதை எண்ணினேன். பெரிய விதையின் பிள்ளைகள் 13.1, 12.6, 12.9 கிராம். சிறிய விதையின் பிள்ளைகள் 12.8, 13.2, 12.7. முதலில் கடுதாசியை மாற்றி வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். பூக்கும் நேரத்திலேயே செடிகளில் எது எந்த வரிசை என்று எனக்கே அடையாளம் பிடிபடவில்லை. குச்சியில் கட்டிய துணியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

வாளிகளில் 12இல் முளைத்தது 7. ஒன்று சுருங்கி வந்தது, பிடுங்கி எரித்தேன். மிச்சம் ஆறும் காய்த்தன. உடைத்துப் பார்த்தால் எல்லாம் சுத்த மஞ்சள், ஒரு புள்ளி இல்லை. மனைவி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உளுந்துக் கதையைக் கைவிட்டா.

கலப்பு: 40 மொட்டில் தடவி, 3 காய் நின்றது. 7 விதை. தீப்பெட்டிக்குள் வைத்துக் குளிர்பெட்டியில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது.


ஸ்காபரோக்கிழவன் | 2024 ஓகஸ்ட் 25

ஏழு விதைக்கு ஒரு வருடமா தம்பி!


பழையபாடம் | 2024 ஓகஸ்ட் 26

ஏழும் கலப்புத்தானா என்று முதலில் பார்ப்போம். பிஎம் 25 பூ என்ன நிறம், பிபி 1 பூ என்ன நிறம் என்று குறித்து வைத்தீர்களா? ஊதா ஆட்சி, வெள்ளை பின்னிடைவு. தாய் வெள்ளைப் பூவாகவும் தந்தை ஊதாவாகவும் இருந்தால், பூக்கும் நாளிலேயே கள்ளம் பிடிபடும்.


நீர்வேலியான் | 2024 ஓகஸ்ட் 26

குறிக்கவில்லை சேர். கைபேசியில் படம் இருக்கும், தேடுகிறேன்.